இலைக்கு அடங்காத ரத்தம்

வரப்பில், கிணற்றடியில், தார்ச்சாலை ஓரத்தில், திண்டிவனம் ரயில் நிலைய நடைமேடையின் விரிசலில்கூட அந்தச் செடி நின்றிருக்கும். சாண் நீளக் காம்பு, நுனியில் மஞ்சள் நடுவும் வெளுத்த இதழ்களுமாக ஒரு சின்னப் பூ. எங்கள் பக்கத்தில் வெட்டுக்காயப்பூண்டு. கிணற்றடிப்பூண்டு, மூக்குத்திப்பூ, தாத்தாப்பூ என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. பள்ளிக்கூடம் போகிற வழியில் காம்பை மடக்கிப் பூவின் தலையைச் சுண்டிவிட்டு விளையாடாத பிள்ளை எங்கள் ஊரில் இருந்திருக்க முடியாது. அதன் தாவரவியல் பெயர் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ்.

என் ஆயா இந்த இலையைப் பயன்படுத்தியது மனிதர்களுக்கு என்பதைவிட ஆடுமாடுகளுக்குத்தான். ஆட்டுக்குக் காதில் முள்வேலி கிழிக்கும். லாடம் அடிக்கும்போது ஆணி சற்று உள்ளே போய் மாட்டுக் குளம்பில் ரத்தம் வரும். ஆயா ஒரு கைப்பிடி இலை பறித்து, மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கசக்குவார். பச்சையாகச் சாறு இறங்கும்போது காயத்தில் பிழிந்து, சக்கையை அதன் மேலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வார். ஆடு துள்ளும். கழுத்தைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அந்த நேரத்தில்தான் ஆயா ஊர்க்கதை சொல்ல ஆரம்பிப்பார். கதை முடிந்து விரலை எடுத்தால் ரத்தம் நின்றிருக்கும்.

நிறுத்தியது இலையா, கட்டைவிரலா, கதையின் நீளமா என்ற கேள்வி எனக்குப் பொறியியல் படிப்புக்குப் பிறகுதான் வந்தது. என் தொழிலில் இது தினசரித் தொல்லை. நள்ளிரவில் சர்வர் விழுந்துவிட்டது என்று நாலு பேர் உட்கார்ந்து மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்வோம், ரீஸ்டார்ட்டும் செய்வோம். எழுந்துகொள்ளும். எது சரிசெய்தது என்று மறுநாள் கூட்டத்தில் கேட்டால் மூன்று பேரும் தத்தம் மாற்றத்தைச் சொல்வார்கள். தானாகவே சரியாகியிருக்கும் என்ற நான்காவது சாத்தியத்தை யாரும் சொல்வதில்லை.

ரத்தத்துக்கு அந்த நான்காவது சாத்தியம் மிகப் பெரியது. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் எந்த ஆட்டுக்கறிக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தட்டில் பிடித்த ரத்தம் கொஞ்ச நேரத்தில் அல்வா மாதிரி கட்டிவிடும். ரத்தப் பொரியல் செய்கிற வீடுகளில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அங்கே யாரும் இலை பிழிவதில்லை. உடம்புக்குள் ஓடும்போது திரவமாக இருப்பதும், வெளியே வந்தால் உறைவதும் ரத்தத்தின் இயல்பு. குழாய் கிழிந்தவுடன் அது தானாகச் சுருங்குகிறது. டெங்கு காலத்தில் பிளேட்லெட் என்று எல்லாரும் எண்ணக் கற்றுக்கொண்டோமே, அந்தத் தட்டணுக்கள் ஓட்டையில் வந்து ஒட்டுகின்றன. பிறகு பத்துப் பன்னிரண்டு புரதங்கள் ஒன்றை ஒன்று தட்டி எழுப்பிக்கொண்டே போகின்றன. கடைசியில், ரத்தத்தில் கரைந்துகிடந்த ஃபைப்ரினோஜன் என்ற புரதம் நூல் நூலாகத் திரிந்து ஃபைப்ரின் வலையாகிறது. மீன்வலையில் நண்டு சிக்குவதுபோல அதில் சிவப்பணுக்கள் சிக்க, அடைப்பு இறுகுகிறது.

அப்படியானால் ஆயாவின் இலை வெறும் சடங்கா? அப்படியும் சொல்ல முடியாது. இந்த இலைச்சாற்றை ஆய்வகக் குழாயில் ரத்தத்தோடு கலந்தபோது உறையும் நேரம் குறைந்ததாகக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. எலிகளின் காயம் ஆறுவதில் இதற்குள்ள பங்கை 1980களிலிருந்தே இந்திய ஆய்வாளர்கள் சோதித்து எழுதியிருக்கிறார்கள். இலையின் துவர்ப்பு புரதத்தைத் திரிய வைக்கக்கூடியது. என் கணக்கில் முக்கால் பங்கு வேலையை ரத்தமே செய்கிறது, மீதியில் பெரும்பகுதி கட்டைவிரலுடையது, இலைக்கு ஒரு சிறு பங்கு. ஆனால் அந்தப் பங்கு உண்மையானது. காயத்தில் காப்பித்தூள் அப்புகிறவர்களைவிட ஆயா எவ்வளவோ மேல்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் தந்தது வேறொரு தகவல். இந்தச் செடி நம் ஊர்ச் செடியே அல்ல. லின்னேயஸ் 1753இல் இதற்குப் பெயர் வைத்தபோது சொன்ன ஊர் மெக்சிகோவின் வேரக்ரூஸ். மிளகாய், கொய்யா, எங்கள் ஊர் மல்லாட்டை எல்லாம் வந்த அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்களின் காலத்துக்குப் பிறகு வந்து பரவியது. (வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லாதவரை எங்கள் பக்கத்தில் ஊர்க்காரராகச் சேர்த்துக்கொள்வதில்லை.) அகத்தியர் காலத்து மூலிகை என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் எனக்கு வேரக்ரூஸ் நினைவுக்கு வரும். பரம்பரை வைத்தியம் என்று நாம் சொல்வதன் வயது, இந்த இலையைப் பொறுத்தவரை, சில நூறு வருஷங்கள்தான். எங்கிருந்தோ வந்த ஒரு களையை யாரோ ஓர் ஆயா முதலில் ஆட்டின் காயத்தில் கசக்கி வைத்துப் பார்த்திருக்கிறார். அடுத்த வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். பலித்தது, தங்கியது. இப்படிச் சோதித்து எடுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், வெட்டுக்காயம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். ரத்தம் நின்றதா இல்லையா என்பதை ஒரு கதை சொல்லி முடிக்கிற நேரத்தில் பார்த்துவிடலாம்.

பாம்புக்கடியில் அப்படிப் பார்க்க முடியாது.

*

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில், கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே திரும்பினால் என் மாமாவின் ஊர். இருபுறமும் கரும்பு, நெல், மல்லாட்டை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. ரகங்களைத் தாத்தா காலத்திலிருந்தே போட்டுவருகிற நிலம். மல்லாட்டைக்கு எலி வரும். எலிக்குக் கண்ணாடி விரியன் வரும். உடம்பெல்லாம் சங்கிலிபோல வட்டம் வட்டமாகப் பழுப்பு, சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. ஓடாது, கிடந்த இடத்திலேயே சுருண்டு சீறும். குக்கர் விசில் விடுவதற்கு முன்னால் வருகிற சத்தம் என்று மாமா சொல்வார். மேய்கிற மாட்டை மூக்கிலும் காலிலும் கொத்தும்.

அதன் விஷம் நேராக ரத்தம் உறையும் ஏற்பாட்டின்மேலேயே கைவைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதில்லை, உறையவைக்கிறது. அந்தப் புரத வரிசையில் ஐந்தாவது, பத்தாவது என்று எண்ணிட்ட காரணிகளை விஷம் நேரடியாகத் தட்டி எழுப்பிவிடுகிறது. உடம்பெங்கும் தேவையில்லாத இடங்களில் சின்னச் சின்ன உறைவுகள் உண்டாகி, உண்டாகி, கையிருப்பு ஃபைப்ரினோஜன் முழுக்கச் செலவாகிவிடும். அதன்பிறகு உண்மையான ஓட்டைக்கு வலைபின்ன நூல் இருக்காது. ஈறில் கசியும், சிறுநீரில் வரும், ஊசி குத்தின இடத்தில்கூட நிற்காது. இந்த உறையவைக்கும் குணத்தையே மருந்தாக்கியவர்களும் உண்டு. 1934இல் லண்டனில் மாக்ஃபார்லேன் என்ற மருத்துவரும், மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பொறுப்பாளர் பார்னெட்டும் இந்த விஷத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்து, ஹீமோஃபீலியாக்காரர்களின் காயத்தில் ஒற்றி ரத்தத்தை நிறுத்திக் காட்டினார்கள். துளி என்றால் மருந்து, பல்வழியே உள்ளே போனால் யமன்.

மிருகங்களைக் கடிக்கவிட்டு நாட்டு மருந்துகளைச் சோதிப்பது நம் ஊர்ப் பக்கம் பழைய கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்று பாம்புக்கடிக்குப் பேர்பெற்றிருந்தது. வெள்ளைப் பாஷாணம், பாதரசம், மிளகு எல்லாம் சேர்ந்த உருண்டை. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையாளராகச் சோழமண்டலக் கரையில் இருந்த பாட்ரிக் ரசல் நாய், கோழிகளில் அதைக் கொடுத்துப் பார்த்தார். நம்பத்தகுந்த முறிமருந்து என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1796இல் அவர் வெளியிட்ட பாம்புப் புத்தகத்தால்தான் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்தது. அடுத்த நூற்றாண்டில் கல்கத்தாவில் ஜோசப் ஃபேரர் அதே வேலையைப் பெரிய அளவில் செய்தார். ஏராளமான நாய்களும் கோழிகளும் செத்தன, கைக்குக் கிடைத்த மருந்தெல்லாம் தோற்றது. ஆனால் 1872இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ஓர் அவதானிப்பு இருக்கிறது: நாகம் கடித்துச் செத்த மிருகத்தின் ரத்தம் உறைகிறது, விரியன் கடித்துச் செத்ததன் ரத்தம் பெரும்பாலும் உறையாமலே கிடக்கிறது. மருந்து தேடப் போனவருக்குக் கிடைத்தது நோயின் அடையாளம்.

எங்கள் ஊர்களில் விஷக்கடிக்குச் சிறியாநங்கை கொடுப்பார்கள். பல இடங்களில் அந்தப் பேரில் சொல்லப்படுவது நிலவேம்பு. அதன் முக்கியச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு, ஆய்வகத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கிறது. ரத்தம் கட்டாமல் தவிக்கிற உடம்புக்கு அது நேர் எதிர்த் திசை. குடிக்கிற அளவில் பெரிதாக ஒன்றும் ஆகாது, நன்மையும் ஆகாது. ஆளுக்குக் கடித்தால் வேப்பிலையைத் தின்னக் கொடுத்து, கசக்கவில்லை என்று சொன்னால் விஷம் ஏறிவிட்டது என்பார்கள். மாட்டிடம் அதையும் கேட்க முடியாது.

*

மாமா வீட்டில் மூன்று மாடுகளைப் பாம்பு கடித்திருக்கிறது.

முதல் மாடு செவலை, 2011இல். மேய்ச்சலிலிருந்து வரும்போது பின்னங்கால் வீங்கியிருந்தது, இரண்டு பொட்டு மாதிரி ரத்தம். பாம்பை யாரும் பார்க்கவில்லை. மயிலம் பக்கத்தில் விஷக்கடிக்குப் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவரை அழைத்துவந்தார்கள். அவர் கொம்பில் வேரைக் கட்டினார், மூங்கில் குழாயில் பச்சிலைச் சாறு ஊற்றிப் புகட்டினார், விடிய விடிய உட்கார்ந்திருந்தார். காசு வாங்கமாட்டார், வாங்கினால் மருந்து பலிக்காது என்பது அவர் குருவிடம் கொடுத்த வாக்கு. வெற்றிலை பாக்கு மட்டும். காலையில் செவலை வைக்கோல் தின்றது.

செவலையைக் கடித்தது சாரையாக இருக்கலாம். விரியனேகூட விஷம் இறக்காமல் கடித்திருக்கலாம். அது நடப்பதுதான். பல்லுக்குப் பின்னால் எவ்வளவு இறங்கியது என்பது பாம்புக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். மனிதனைப்போல ஐந்தாறு மடங்கு எடையுள்ள மாட்டுக்குச் சிறிய அளவு ஒன்றும் செய்யாமலும் போயிருக்கலாம். ஆனால் அடுத்த பத்து வருஷத்துக்கு அந்த வீட்டில் செவலை ஒரு சாட்சியாக நின்றது. அது கிழமாகி விற்றபிறகும்.

இரண்டாவது லட்சுமி. ஜெர்சி கலப்பு, ஏழு மாதச் சினை. மகளிர் சுய உதவிக் குழுவில் அத்தை தன் பேரில் கடன் எடுத்து வாங்கியது. 2021, தை மாதம், பொழுது சாய்கிற நேரம், மல்லாட்டைக் கொல்லி ஓரம். இந்தமுறை மாமா சீறலைக் கேட்டார். முன்னங்காலில், குளம்புக்கு மேலே இரண்டு ஓட்டை, ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. மாமா பெரியவரை அழைத்துவர பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தை வரப்பில் வெட்டுக்காயப்பூண்டைப் பறித்துக் கசக்கி வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அப்போது சென்னையில் இருந்தேன். மறுநாள் போனில் அத்தை சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “இலைய வெச்சி அமுக்கிகினே இருந்தன்டா கண்ணு. எடுத்தா வருது, எடுத்தா வருது. அரை மணி நேரமாச்சும் இருக்கும். என் வயசுக்கு இந்த இலைக்கு அடங்காத ரத்தத்த நான் பாத்ததில்ல. இது வேற ரத்தம், மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குச் சொல்லுங்கன்னு வந்தவங்ககிட்டல்லாம் சொன்னேன். பெரியவரு வந்துட்டாரு, நீ சும்மா இரும்மான்னுட்டாங்க. யாரு கேட்டா?”

காலையில் மாடு பெய்த மூத்திரம் சாயத்தண்ணி மாதிரி இருந்தது. மடியில் கறந்த கொஞ்சமும் சிவந்திருந்தது. மத்தியானம் கால்நடை டாக்டர் வந்து, இருந்த மருந்தைப் போட்டு, சிறுநீரகம் போயிருக்கும் என்று சொன்னார். மூன்றாம் நாள் விடிவதற்குள் லட்சுமி செத்துப்போனது, வயிற்றுக் கன்றோடு. குழுவுக்கு மாதத் தவணை அதன்பிறகு பதினான்கு மாதம் போனது. வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்துக்கு அத்தை ஒரு தடவையும் போகாமல் இருக்கவில்லை. அங்கே மாட்டைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாராம்.

அன்றைக்கு அந்த வீட்டுத் தொழுவத்தில் இரண்டு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஒன்றின் தோல்வி அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. இன்னொன்றின் தோல்வி தெரிய ஒன்றரை நாள் ஆனது. தோல்வி சீக்கிரம் தெரிந்த வைத்தியத்தைத்தான் எல்லாரும் ஒதுக்கித் தள்ளினார்கள். எங்கள் மொழியில் சொன்னால், அத்தையின் இலை எர்ரர் மெசேஜ் கொடுத்துவிட்டது. படிக்கத்தான் ஆளில்லை. ஆயிரம் காயத்தில் ரத்தத்தை நிறுத்திய இலை இங்கே நிறுத்தவில்லை என்றால், கோளாறு இலையில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. உறையக்கூடிய ரத்தம் இருந்தால்தான் இலைக்கும் கட்டைவிரலுக்கும் வேலை. அத்தை படித்தது எட்டாவது. ஃபேரர் அத்தனை நாய்களைக் கொன்று கண்டுபிடித்ததை அவர் ஒரு மாட்டின் காலில் விரலை வைத்தே சொல்லிவிட்டார்.

*

மூன்றாவது கருப்பி. 2023 மாசி, சனிக்கிழமை. அன்று நான் ஊரில் இருந்தேன். மாட்டின் மூக்கோரம் கொத்தியிருந்தது. முகம் ஒருபக்கம் உப்பிக்கொண்டே வந்தது. அத்தை இலையை அழுத்தினார், நான் கொம்பைப் பிடித்துக்கொண்டேன். கதை எதுவும் சொல்லவில்லை. கால் மணி நேரம் இருக்கும், திரும்பி மாமாவைப் பார்த்தார்.

“இந்தாங்க. இலைக்கு அடங்கல. டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க.”

மாமா ஒன்றும் பேசாமல் போட்டார்.

டாக்டரம்மா ஸ்கூட்டியில் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் பஞ்சு சுற்றி நான்கு கண்ணாடிக் குழாய்கள் கொண்டுவந்திருந்தார். காது நரம்பில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு குழாயில் விட்டார். பிறகு, “பக்கத்து வீட்டு மாடு ஒண்ணு வேணுமே” என்றார். அத்தைக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான மாடு. அந்த மாட்டிடமும் அதே அளவு எடுத்து இன்னொரு குழாயில் விட்டார். ஒரு சொம்பில் அரிசி கொட்டச் சொல்லி, இரண்டையும் அதில் நேராகக் குத்தி நிறுத்தித் திண்ணையில் வைத்தார். இருபது நிமிஷம், யாரும் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது.

இந்தச் சோதனையை 1970களில் நைஜீரியாவில் சுருட்டை விரியன் கடிபட்டவர்களிடம் செய்துகாட்டியவர் டேவிட் வாரல் என்ற ஆங்கிலேய மருத்துவர். கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம். இரண்டு மில்லி ரத்தம், புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய், ஒரு கடிகாரம். இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் சரி, ஓடினால் விஷம் வேலை செய்கிறது. கண்ணாடிதான் வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது, ஏனென்றால் கண்ணாடியின் பரப்பு பட்டுத்தான் உறைதல் சங்கிலியின் முதல் புரதம் விழிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, அந்தப் பரப்பு கெட்டுவிடும். நான் வேலைசெய்கிற உலகத்தில் இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு நேராகவும் பதில் சொல்கிற சோதனை ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது எனக்கு அமெரிக்காவில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் நினைவுக்கு வந்தார். 1933 பிப்ரவரியில், பனிப்புயலில், செத்த கிடேரியையும் ஒரு பால்கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடிசன் நகரப் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் கதவைத் தட்டினார். ஈரத்தில் பூஞ்சைபிடித்த இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் நிற்காத ரத்தத்தில் செத்துக்கொண்டிருந்தன. சில வருஷ உழைப்பில் லிங்கின் குழு அதற்குக் காரணமான டைகூமராலைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலிமருந்தாகவும், சில வருஷத்தில் இதய நோயாளிகளின் மாத்திரையாகவும் ஆனது. மல்லாட்டைக் கொல்லியில் வைக்கிற எலிக்கட்டி புரோமாடியோலோன்கூட அந்த வம்சம்தான். எல்லாவற்றுக்கும் தொடக்கம், இது கட்டவில்லை என்று ஒரு விவசாயி பார்த்து, அதைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போனது.

இருபது நிமிஷம் முடிந்தது. டாக்டரம்மா முதலில் பக்கத்து வீட்டு மாட்டின் குழாயைச் சாய்த்தார். ரத்தம் அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது. கருப்பியுடையதைச் சாய்த்தார். ரசம் மாதிரி ஓடியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பையிலிருந்து குப்பிகளை எடுத்தார். கையில் நான்குதான் இருந்தது. மாமா திண்டிவனம் போய் மருந்துக்கடைகளில் அலைந்து இன்னும் இரண்டு வாங்கிவந்தார். இரண்டு குப்பிக்கே ஏறக்குறைய ஒரு மாதப் பால் காசு. குளுக்கோஸ் பாட்டிலோடு கலந்து மெதுவாக இறக்கினார்கள்.

யார் சொன்னார்களோ, இரவு பதினொரு மணிக்குப் பெரியவரும் வந்துவிட்டார். வயதாகிக் கண் மங்கியிருந்தது. வேரைக் கட்டட்டுமா என்று கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அந்தக் குழாய்கள் இரண்டையும் கையில் வாங்கி, லைட்டுக்கு நேராகப் பிடித்து, மாற்றி மாற்றிச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது நல்லா இருக்கே தம்பி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கிட்ட இந்த மாதிரி பாக்கறதுக்கு ஒண்ணும் இருந்ததில்ல. காலைல மாடு எழுந்துச்சின்னா வேரு. எழுந்திரிக்கலன்னா விதி. நானும் எத்தினி ராத்திரி முழிச்சிகினு உக்காந்திருக்கேன்…”

முதல் மருந்துக்கு ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சோதித்தார்கள். விஷம் முறிந்தபிறகு கல்லீரல் புது ஃபைப்ரினோஜன் செய்துகொடுக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும். தளதளவென்று அரைகுறையாகக் கட்டியது. விடிகாலையில் எடுத்தது நன்றாக நின்றது. அத்தை மூக்கில் வைத்திருந்த இலைச்சக்கையும் அப்போது காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, கீழே கசிவு இல்லை.

*

அந்தக் குப்பிக்குள் இருப்பதும் ரத்தத்திலிருந்து வந்ததுதான். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷத்தை ஏற்றி, அதன் உடம்பு செய்துகொள்கிற எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்கிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. ஒரு மில்லி மருந்து கண்ணாடி விரியனின் 0.6 மில்லிகிராம் விஷத்தை முறிக்கும் என்பது கணக்கு. அந்த விஷத்தில் பெரும்பங்கு பல வருஷங்களாக எங்கள் பக்கத்துக் கடற்கரைச் சாலையிலிருந்துதான் போகிறது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்களைக் கொண்டு, ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அது. பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்திருந்து, வாரம் ஒருமுறையாக விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுவார்கள். 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இருளரிடம் ரகசிய மூலிகை இருக்கிறது என்று எங்கள் ஊரில் இன்னமும் நம்புகிறார்கள். மூலிகை அறிவு அவர்களிடம் நிறையவே உண்டு. ஆனால் கருப்பியின் நரம்பில் இறங்கியதில் அவர்கள் கொடுத்தது பாம்பை வெறுங்கையால் பிடிக்கிற திறமையை. அந்த மருந்தால் பிழைத்த மாடுகளின் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் ஓர் இருளரைத் திண்ணையில் உட்காரவைப்பார்கள் என்பது வேறு கதை. அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கித்தரவும் பொய்வழக்குகளிலிருந்து மீட்கவும் திண்டிவனத்திலிருந்து பேராசிரியர் கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் நடத்துகிற போராட்டம் நீளமானது, இந்தக் கட்டுரைக்குள் அடங்காதது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அந்த ஆணை மனிதர்களுக்கானது. கடன் வாங்கி வாங்கிய சினைமாடு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, குழுவின் தவணைப் புத்தகத்தைத் தவிர.

கால்நடை மருந்தகங்களுக்கு இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக் குழாய் என்பதால், டாக்டரம்மா கண்ணாடிக் குழாய்களைத் தன் காசில் வாங்கி வைத்திருக்கிறார். போகும்போது இரண்டைப் பஞ்சு சுற்றி அத்தையிடம் கொடுத்து, வீட்டிலேயே இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும் என்றார். அடுத்தமுறை ஊருக்குப் போனபோது பார்த்தேன். விபூதித் தட்டுக்குப் பக்கத்து மாடத்தில் இரண்டும் பளபளவென்று நின்றிருந்தன. தூசி படிந்துவிட்டது என்று அத்தை விம் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறார். சோப்புப் பட்டால் ஆகாது அத்தை, அதில் ரத்தம் கட்டாது, நல்ல மாட்டையும் கடிபட்ட மாடு என்று காட்டிவிடும் என்றேன். இரண்டையும் எடுத்து ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்தார். “அப்ப இதுல ஊதுபத்தி சொருகிக்கிறேன். நீ திண்டிவனம் போனா புதுசா ரெண்டு வாங்கியா” என்றார்.